புலம்பெயர்ந்து வந்த யூதர்களின் ஆட்டங்கள்: படச்சுருள் எதைக் காப்பாற்றியது, எதை விட்டுவிட்டது?

நட்டுவாங்கம்:

1948 மே மாதம் இஸ்ரேல் உருவானது. 1951 முடிவதற்குள் கிட்டத்தட்ட ஏழு லட்சம் பேர் அங்கே போய் இறங்கிவிட்டார்கள். நாட்டில் அதற்கு முன்பே இருந்த யூதர்களும் ஏறக்குறைய அத்தனை பேர்தான். ஏமனிலிருந்து மட்டும் 1949, 50இல் விமானம் விமானமாக 49,000 பேர் அளவில் வந்தார்கள். அடுத்து ஈராக்கிலிருந்தும் குர்திஸ்தான் மலைகளிலிருந்தும் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் அளவில். கூடாரங்களிலும் தகரக் கொட்டகைகளிலும் தங்க வைத்தார்கள். பெரும்பாலானவர்கள் கையில் ஒரு மூட்டைக்கு மேல் எதுவும் இல்லை.

ஆனால் ஒவ்வோர் ஊர்க்காரரிடமும் ஓர் ஆட்டம் இருந்தது. கல்யாண வீட்டில் ஆடுவது, மருதாணி இரவில் ஆடுவது, ஆண்கள் மட்டும் ஆடுவது, பெண்கள் மட்டும் ஆடுவது என்று எத்தனையோ. எதையும் யாரும் எழுதி வைத்ததில்லை. அதற்குத் தேவையும் வந்ததில்லை. பிள்ளை, அப்பாவின் காலைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அந்தப் பிள்ளைகள் முகாமை விட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள், புதுப் பாட்டுக் கற்றார்கள், அப்பா ஆடுவதைப் பார்த்துக் கூச்சப்பட ஆரம்பித்தார்கள். ஒரே தலைமுறையில் எல்லாம் போய்விடும் என்ற நிலைமை.

அந்த நேரத்தில் இதைப் படம் பிடித்து வைக்கக் கிளம்பியவர் குரித் கட்மன். 1897இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் பிறந்து, 1920இல் பாலஸ்தீனத்துக்கு வந்தவர். உடற்பயிற்சி ஆசிரியை. 1944இல் டாலியா கிபுட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) முதல் நாட்டார் நடன விழாவை நடத்தியவரும் இவர்தான். அந்த விழாவில் ஆடியதில் பெரும்பகுதி ஐரோப்பிய ஆட்டங்கள். புது நாட்டுக்குப் புது ஆட்டம் உருவாக்க வேண்டும் என்று முன்னால் நின்று உழைத்தவர், சில வருஷங்களிலேயே கிழக்கிலிருந்து வந்தவர்களின் பழைய ஆட்டங்கள் கண் முன்னால் அழிவதைப் பார்த்து, 1950களில் கேமராவோடு அவர்கள் குடியிருப்புகளுக்குப் போனார். இசை ஆய்வாளர் எஸ்தர் கெர்சன்-கிவியும் அதே மக்களின் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். 1971இல் எபிரேயப் பல்கலைக்கழகம், ஹிஸ்தத்ருத் தொழிற்சங்கம், கல்வி அமைச்சகம் ஆகியவற்றின் துணையோடு இந்த ஆட்டங்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கினார். 1981இல் இஸ்ரேல் பரிசு. 1987இல் மறைந்தார்.

எதைக் காப்பாற்ற இவ்வளவு பாடு என்று தெரிய ஏமன் ஆண்களின் ஆட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சின்ன அறை. சுவரோரம் ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் இரண்டு பேர், மிஞ்சினால் நான்கு பேர் ஆட மட்டும் இடம். 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஷாலோம் ஷபாசி போன்றவர்களின் பாட்டுகள் அடங்கிய 'தீவான்' தொகுப்பிலிருந்து முதலில் மெதுவாக ஒரு பாட்டு எடுப்பார்கள். அதற்கு ஆட்டம் கிடையாது. அடுத்து வரும் பகுதியில்தான் இருவர் எழுந்திருப்பார்கள். எருசலேம் கோயில் இடிந்த துக்கத்தால் வாத்தியம் வாசிப்பதில்லை. கைத்தட்டும் தகர டின்னும்தான் தாளம். முழங்கால் எப்போதும் சற்று மடிந்தே இருக்கும். ஸ்பிரிங் வைத்த மாதிரி உடம்பு மேலும் கீழும் போகும். பாதம் பெரிதாக நகராது. பாட்டு வேகமெடுக்க எடுக்க ஆட்டமும் ஏறும். ஒருவர் களைத்தால் சுவரோரத்திலிருந்து இன்னொருவர் எழுந்து வருவார். கடைசியில் ஒரு வாழ்த்துப் பாட்டோடு முடியும்.

இதில் முன்கூட்டித் தீர்மானித்த வரிசை எதுவும் இல்லை. அடவுகள் பொது, சேர்ப்பது அவரவர் கைவண்ணம். இதைக் குறியீட்டில் எழுதி வைக்க முடியுமா? 1958இல் நோவா எஷ்கோலும் அவ்ரஹாம் வாக்மனும் வெளியிட்ட அசைவுக் குறியீட்டு முறை மிகத் துல்லியமானது. ஒவ்வொரு மூட்டும் எந்தப் பக்கம், எவ்வளவு திரும்புகிறது என்று எண்களில் எழுதிவிடலாம். ஆனால் எதிரில் ஆடுபவரைப் பார்த்து ஒருவர் சட்டென்று மாற்றுவதை, சுவரோரத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தை, எந்த எண் சொல்லும்? படச்சுருள்தான் சொல்லும். கட்மன் செய்தது அந்தக் காலத்தில் செய்ய முடிந்ததிலேயே சரியான வேலை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

மஞ்சள்வெயில்:

அருமையான தொடக்கம். ஆனால் படச்சுருள் எல்லாவற்றையும் சொல்லும் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

முதலில் ஒரு எளிய விஷயம். ஓய்வுநாளிலும் பெருநாளிலும் மத ஒழுங்கைக் கடைப்பிடிக்கும் யூதர்கள் கேமராவைத் தொட மாட்டார்கள், தங்களைப் படமெடுக்கவும் விட மாட்டார்கள். ஆனால் ஆட்டம் உச்சத்துக்குப் போகும் நாட்களில் பல அவைதான். தோரா என்ற வேத வாசிப்பு ஆண்டுக்கொரு முறை முடிவதைக் கொண்டாடும் சிம்ஹாத் தோரா பெருநாளன்று தோராச் சுருளைத் தோளில் சுமந்து சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். அதைப் படம் பிடிக்க வழியே இல்லை. பெருநாள் முடிந்த இரவில் வாத்தியத்தோடு மறுபடி ஒரு சுற்று ஆடும் வழக்கம் இஸ்ரேலில் இருக்கிறது. அதைப் படம் பிடிக்கலாம். வசந்த காலத்தில் வரும் லக் பஓமர் விழா அன்று வட இஸ்ரேலின் மெரோனில் நடக்கும் ஆட்டத்தையும் பிடிக்கலாம், அன்று வேலைக்குத் தடையில்லை. ஆக, எதைப் பாதுகாப்பது என்பதில் பாதியைப் பஞ்சாங்கமே தீர்மானித்துவிட்டது.

அதனால் நம் கையில் இருக்கும் படங்களில் நிறைய, ஒரு சாதாரண நாளில் 'கொஞ்சம் ஆடிக் காட்டுங்கள்' என்று கேட்டு எடுத்தவை. வெயிலில், திறந்த வெளியில், கேமராவுக்கு எதிரே வரிசையாக நின்று ஆடுவார்கள். நட்டுவாங்கம் வர்ணித்த அந்தச் சின்ன அறை அங்கே இல்லை. அறையின் நெருக்கத்தால்தான் அந்த ஆட்டம் அப்படிக் குறுகி, மேலும் கீழுமாக வளர்ந்தது. திடலில் விட்டால் கால் தானாக அகலும்.

இரண்டாவது விஷயம் பெண்கள். ஏமன் பெண்கள் தங்களுக்குள்தான் ஆடுவார்கள். செம்புத் தட்டை விரலால் தட்டி ஒருத்தி தாளம் போட, இன்னொருத்தி மேளம் தட்ட, பாட்டு அரபியில், முழுக்க வாய்மொழியாக வந்தது. ஆண்கள் பாட்டுக்குப் புத்தகம் உண்டு. பெண்கள் பாட்டுக்கு அது கிடையாது. அந்த வகையில் படம் அதிகம் தேவைப்பட்டது பெண்களின் ஆட்டத்துக்குத்தான். எடுக்கப் போனவர் பெண் என்றால் உள்ளே போக வழி கிடைக்கும், சரி. ஆனால் எடுத்த படத்தை அப்புறம் யார் பார்ப்பார்கள்? பெண்கள் மட்டும் பார்க்கட்டும் என்று நம்பி ஆடிய பாட்டியின் ஆட்டம் நாளைக்கு இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வந்தால், அதற்கு அவள் சம்மதித்தாளா? காப்பகங்கள் பழைய சுருள்களை டிஜிட்டலாக்கும்போது இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ரீல்பெட்டி:

பழைய ஃபிலிமை ஸ்கேன் செய்வது என் தொழில். அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

1950களில் இப்படி வெளியிடத்தில் படம் பிடிக்கப் போனவர்களுக்குத் தோதானது 16 மி.மீ. கேமரா. சாவி கொடுத்து ஓடும் வகையில், நொடிக்கு 24 பிரேம் வேகத்தில், ஒரு முழுச் சாவிக்கு அரை நிமிடம் அளவுதான் ஓடும். பேர் போன மாடல் ஒன்றிலேயே 28 நொடிதான். நூறு அடிச் சுருள் போட்டால் அதே வேகத்தில் மொத்தமே 2 நிமிடம் 45 நொடி சொச்சம், அப்புறம் சுருள் மாற்ற வேண்டும். ஏமன் ஆட்டத்தில் ஒரு பாட்டே அதைவிட நீளம். பாட்டு ஏறி ஏறி உச்சத்துக்குப் போவதுதான் அந்த ஆட்டத்தின் உயிர் என்றால், அந்த ஏற்றம் ஒரு முழு ஷாட்டாகப் படச்சுருளில் விழவே வாய்ப்பில்லை. துண்டு துண்டாகத்தான் விழும்.

அடுத்தது ஒலி. அந்தக் கேமராக்களில் ஒலி பதிவாகாது. பாட்டைத் தனியாக டேப்பில் பிடிப்பார்கள், பல நேரம் வேறொரு நாளில். படத்தையும் ஒலியையும் கூடவே பிடிக்கும் கையடக்கக் கருவிகள் 1960களில்தான் பரவலாயின. ஆக 1950களின் படங்களைப் பார்க்கும்போது ஊமையாக ஆடும் உடம்புகளைத்தான் பார்க்கிறோம். பாட்டு இல்லாத அந்த ஆட்டம் பாதி ஆட்டம்.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரிவதில்லை, ஆனால் ஆட்டத்தைப் பொறுத்தவரை இதுதான் பெரிய ஆபத்து. ஒலியில்லாத படத்தைப் பெரும்பாலும் நொடிக்கு 16 அல்லது 18 பிரேம் வேகத்தில் எடுப்பார்கள், சுருளை மிச்சம் பிடிக்கலாம் என்று. அதை இன்றைக்கு யோசிக்காமல் 24 பிரேமில் ஓட்டினால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வேகமாகிவிடும். நிதானமாக முழங்காலை மடக்கி எழும் பெரியவர் துள்ளிக் குதிப்பவர் போலத் தெரிவார். அதைப் பார்த்து ஒரு இளைஞர் குழு ஆட்டம் கற்றுக்கொண்டால் தப்பான வேகம்தான் 'பாரம்பரியம்' ஆகிவிடும். பழைய படங்கள் இணையத்தில் ஏறும்போது இந்தக் கோளாறை நிறையப் பார்க்கிறேன்.

சுருளின் ஆயுளும் கவலைதான். அசிடேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட ஆரம்பித்தால் புளித்த காடி வாடை வரும். சுருங்கும், வளையும். ஒரு பெட்டியில் தொடங்கினால் பக்கத்துப் பெட்டிக்கும் பரவும். குளிரான, காய்ந்த அறையில் வைத்தால் பல பத்தாண்டுகள் தாங்கும். அதற்குப் பின்னால் வந்த வீடியோ டேப்புகள் இதைவிட மோசம். 1970, 80களில் டேப்பில் எடுத்த ஆட்டங்களை இப்போதே மாற்றாவிட்டால் ஓட்டிப் பார்க்கக் கருவியும் கிடைக்காது, காந்தப் பூச்சும் உதிர்ந்துவிடும். 1950களின் சுருள் நிற்கும், 1980களின் டேப் போய்விடும். பலரும் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நட்டுவாங்கம்:

ரீல்பெட்டி அண்ணா, மிக்க நன்றி. பிரேம் வேகம் பற்றிச் சொன்னதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

மஞ்சள்வெயில் சொன்ன சம்மதப் பிரச்சினைக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பெண்களின் ஆட்டப் படங்களை அந்தச் சமூகத்துப் பெண்களிடமே முதலில் காட்டி, எதை வெளியே விடலாம் என்று அவர்களே முடிவு செய்ய வேண்டும். ஆனால் 'கேட்டு ஆட வைத்த படம்' என்பதால் மதிப்புக் குறைவு என்பதை ஏற்க மாட்டேன். திடலில் ஆடியிருந்தாலும் ஆடியவர் ஸனாவிலோ ஷராப் பகுதியிலோ ஆடி வளர்ந்தவர். அவருடைய கணுக்கால் எப்படித் திரும்பியது என்பது வேறு எங்கும் இல்லை. ஏமன் என்றால் எல்லாம் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். ஹப்பான் ஊரிலிருந்து வந்த யூத ஆண்கள் நீளமாக முடி வளர்த்தவர்கள். பரேகெத் என்ற மோஷாவில் (கூட்டுறவு விவசாயக் கிராமம்) குடியேறினார்கள். அவர்கள் ஆட்டம் ஸனாக்காரர்களின் ஆட்டத்திலிருந்து வெகுவாக மாறுபடும். நிமிர்ந்து நின்று, தாவி, இடத்தை அள்ளிக்கொண்டு ஆடுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு புரியும். வெறுமனே எழுதி வைத்திருந்தால் இரண்டும் 'ஏமன் ஆட்டம்' என்ற ஒரே தலைப்புக்குள் அடங்கியிருக்கும்.

மொராக்கோவின் அட்லஸ் மலை யூதர்களின் அஹ்வாஷ் ஆட்டமும் அப்படியே. பெர்பெர் அண்டை வீட்டாரோடு சேர்ந்து வளர்த்த ஆட்டம். ஆண்கள் பெந்திர் என்ற சட்டப்பறையைத் தட்ட, பெண்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நிற்பார்கள். வரிசை மொத்தமும் ஒரே உடம்பாக அசையும். இதற்கு ஊரே வேண்டும். ஊர் சிதறினால் ஆட்டமும் சிதறும். சிதறுவதற்கு முன்னால் ஒருமுறையாவது பதிவாவது எவ்வளவு பெரிய விஷயம்!

தெற்குத்தெரு:

தோழர்களே, எல்லோரும் கேமராவையே சுற்றி வருகிறீர்கள். ஆட்டத்தைக் காப்பாற்றுவது ஆடுவதுதான். இன்பால் நடனக் குழுவை யாரும் சொல்லவே இல்லையே?

சாரா லெவி-தனாய், ஏமன் பெற்றோருக்கு எருசலேமில் பிறந்து, அனாதை விடுதியில் வளர்ந்து, மழலையர் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்தவர். 1949இல், அதாவது ஏமன் விமானங்கள் வந்துகொண்டிருந்த அதே நேரத்தில், ஏமன் இளைஞர்களை வைத்து இன்பாலை ஆரம்பித்தார். அவர்கள் வீட்டில் பார்த்த அசைவைக் கொண்டு வந்தார்கள், அவர் அதிலிருந்து மேடை நடனம் படைத்தார். அமெரிக்க நடன அமைப்பாளர் ஜெரோம் ராபின்ஸ் பார்த்து வியந்தார். இன்னொரு அமெரிக்க நடன அமைப்பாளரான அன்னா சோகோலோவ் வந்து பயிற்சி கொடுத்தார். 1957இல் ஐரோப்பா, அமெரிக்கா என்று சுற்றுப்பயணம் போனார்கள். 1973இல் சாராவுக்கு இஸ்ரேல் பரிசு கிடைத்தது. முகாமில் அவமானமாகப் பார்க்கப்பட்ட அசைவை உலக மேடையில் நிமிர்ந்து நிற்க வைத்த பெண்மணி அவர். ஒரு சுருளும் செய்யாத வேலை இது.

குர்திஸ்தான் யூதர்களைப் பாருங்கள். தோலா மேளம், சுர்னா குழல், கை கோத்து ஆணும் பெண்ணும் கலந்து நீள வரிசை. இன்றைக்கும் குர்து யூதக் கல்யாணம் என்றால் அந்த வரிசை இல்லாமல் இருக்காது. சுர்னாவுக்குப் பக்கத்தில் எலெக்ட்ரானிக் கீபோர்டு வந்துவிட்டது, அவ்வளவுதான். வசந்த காலத்தில் பஸ்கா முடிந்ததும் கொண்டாடும் ஸஹரானே விழாவை 1970களில் கூடாரப் பண்டிகைக்கு மாற்றிக்கொண்டார்கள், அதே நேரத்தில் வரும் மொராக்கோ யூதர்களின் மிமுனா விழாவோடு மோத வேண்டாம் என்று. விழாவின் நாள் மாறினாலும் ஆட்டம் தொடர்ந்தது. இந்த ஆட்டத்தை எந்தக் காப்பகமும் காப்பாற்றவில்லை. கல்யாணம் காப்பாற்றியது.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இஸ்ரேலிய நாட்டார் நடனம் என்று உலகம் முழுக்கக் கற்றுத் தருவதில் 'ஏமன் அடி' என்று ஒன்று இருக்கிறது. வலது காலைப் பக்கவாட்டில் வைத்து, இடது காலுக்கு எடை மாற்றி, வலது காலைக் குறுக்கே போடுவது. ஷபாசியின் பாட்டு இல்லாமல், தகர டின் இல்லாமல், அடி மட்டும் தனியே எடுக்கப்பட்டது. டாலியா விழாக்கள் வளர்த்த அந்தப் புது நடனத்துக்குத் தாய் என்று போற்றப்படுபவரும் கட்மன்தான். ஒரு கையால் பழையதிலிருந்து எடுத்துப் புதியது செய்தவர், மறு கையால் பழையதைப் படம் பிடித்தார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த முரண்பாட்டைப் பேசாமல் அவரைக் காவலர் என்று மட்டும் சொல்வது முழு உண்மை ஆகாது.

நட்டுவாங்கம்:

தெற்குத்தெரு, முரண்பாடு இருப்பது உண்மை. அதனால்தான் எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடுகிறது. தான் வளர்த்த இயக்கம் எதை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துப் பின் பாதி வாழ்க்கையை அதற்கே கொடுத்தார். 1971 திட்டம் வெறும் படப்பிடிப்பு இல்லை. அந்தந்தச் சமூகங்களிலேயே ஆட்டக் குழுக்களை உருவாக்கி, பெரியவர்களையே சொல்லிக்கொடுக்க வைப்பதும் அதன் பகுதி.

இன்பால் பற்றி ஒன்று மட்டும். அது பெரிய கலை, சந்தேகமில்லை. ஆனால் அது சாரா லெவி-தனாயின் கலை. மேடைக்காக முன்பக்கம் பார்த்து ஆடுவது, பெண்ணும் ஆணும் சேர்ந்து ஆடுவது, நேரத்தைச் சுருக்குவது எல்லாம் அதில் உண்டு, இருக்கத்தான் வேண்டும். மேடையை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய ஆட்டம் எப்படி இருந்தது என்று நாளைக்கு ஒருவர் தேடினால் கிடைக்காது. இரண்டும் தேவை.

கொடுங்கல்லூரான்:

இழையை இன்றுதான் பார்த்தேன். நம் பக்கத்துக் கதை ஒன்று இதில் இருக்கிறது, கொச்சி யூதர்கள்.

சுமார் கி.பி. 1000இல் பாஸ்கர ரவி மன்னர் முயிரிக்கோட்டில் இருந்தபோது இசுப்பு இரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு தமிழும் மலையாளமும் பிரியாத காலத்து மொழியில், வட்டெழுத்தில் இருக்கிறது. அதில் கொடுத்த உரிமைகளில் பகல்விளக்கு, பாவாடை (நடந்து போகத் தரையில் விரிக்கும் துணி), குடை, தோரணம் இவற்றோடு வடுகப்பறையும் காகளமும் வருகின்றன. ஒரு யூதத் தலைவருக்கு மேளமும் ஊதுகொம்பும் மன்னர் கொடுத்த மரியாதை! இந்தச் சமூகத்தில் பெரும்பாலோர் 1950களின் நடுவில், குறிப்பாக 1954 தொடங்கி, இஸ்ரேல் போய் நெவாதிம், மெசிலத் சியோன், தாவோஸ் போன்ற மோஷாவ்களில் குடியேறினார்கள். மொத்தமே இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.

அவர்களுடைய பெண்கள் பாட்டு மலையாளத்தில். கல்யாணத்துக்கு, பெருநாளுக்கு, தோராக் கதைகளுக்கு என்று தலைமுறை தலைமுறையாக நோட்டுப் புத்தகங்களில் கையால் எழுதி வைத்தார்கள். சில பாட்டுக்கு வட்டமாக நின்று கைதட்டி, குனிந்து நிமிர்ந்து ஆடுவார்கள். கைகொட்டிக்களி பார்த்தவர்களுக்கு உடனே அடையாளம் தெரியும். மஞ்சள்வெயில் சொன்ன தடை இங்கே இல்லை. கொச்சி யூதப் பெண்கள் ஆண்கள் இருக்கும்போதே குரல் உயர்த்திப் பாடியவர்கள். அதனால் பதிவு செய்யத் தடங்கலும் குறைவு.

ஆனால் பிரச்சினை வேறு இடத்தில் வந்தது. பாட்டைத் தேடிப் போனவர்கள் டேப் ரெக்கார்டரோடு போனார்கள். நோட்டுப் புத்தகங்களைத் தொகுத்தார்கள். பார்பரா ஜான்சன், ஸ்கறியா ஸக்கறியா போன்றவர்களின் உழைப்பால் 2004, 2005இல் எருசலேமில் பாட்டுகள் எபிரேய மொழிபெயர்ப்போடு அச்சிலும், குறுவட்டிலும் வந்தன. மிகப் பெரிய சேவை அது. ஆட்டத்தின் பக்கம் அந்த அளவுக்கு வேலை நடக்கவில்லை. யொஹானா ஸ்பெக்டர் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 1976இல் கொச்சி யூதர்கள் பற்றியும், 1986இல் ஏமன் யூதர்கள் பற்றியும் ஆவணப்படம் எடுத்தார். லாட்வியாவில் பிறந்து யூத இனப்படுகொலையிலிருந்து தப்பியவர் அவர். ஒரு சமூகம் மறைவது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பாட்டு நோட்டில் வரி இருக்கிறது, டேப்பில் ராகம் இருக்கிறது. எந்த வரியில் கை கொட்டுவது, எந்த வரியில் வட்டம் திரும்புவது என்பது பாட்டிமார் உடம்பில் மட்டும் இருந்தது. வந்து இறங்கியபோது இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு. இருக்கும் சிலரையாவது ஒரே கேமராவில், நிறுத்தாமல், முழுப் பாட்டும் ஆட வைத்து எடுத்துவிட வேண்டும்.

மஞ்சள்வெயில்:

கொடுங்கல்லூரான், வடுகப்பறை செய்தி எனக்குப் புதிது, நன்றி.

எத்தியோப்பிய யூதர்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். 1984இல் சுமார் எட்டாயிரம் பேர், 1991 மே மாதம் ஒன்றரை நாளில் 14,000 பேருக்கு மேல் வந்தார்கள். எஸ்கெஸ்தா ஆட்டத்தில் கால் ஏறக்குறைய சும்மா இருக்கும். தோளும் கழுத்தும் மார்பும்தான் பேசும். ரூத் எஷெல் என்ற நடனக்காரர் 1990களில் இவர்களின் ஆட்டத்தைப் படம் பிடித்து ஆராய்ந்தார். கெஸ் எனப்படும் சமயக் குருக்கள் வழிபாட்டில் செய்யும் நடன அசைவுகளையும் சேர்த்து. அதோடு நிற்கவில்லை. ஹைஃபா பல்கலைக்கழகத்தில் எத்தியோப்பிய மாணவர்களை வைத்து எஸ்கெஸ்தா என்ற பெயரிலேயே ஒரு குழு அமைத்தார். பதிவும் மேடையும் ஒரே ஆள் கையில். தெற்குத்தெருவும் நட்டுவாங்கமும் சண்டை போடும் இரண்டு வேலையும் அங்கே ஒன்றுக்கொன்று உதவி செய்தன.

தெற்குத்தெரு:

சண்டை எல்லாம் இல்லை :) எஷெல் உதாரணம் சரியாகப் பொருந்துகிறது.

புதுவாசகி:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களுக்கு இப்படி நாட்டார் ஆட்டம் இல்லையா? கட்மன் ஏன் அவர்கள் பக்கம் அதிகம் போகவில்லை?

நட்டுவாங்கம்:

வணக்கம் அம்மா. இருந்தது, நிறைய இருந்தது. கல்யாணத்தில் சம்பந்திகள் இருவர் கோபித்துக்கொள்வது போலவும் பிறகு சமாதானமாவது போலவும் ஆடும் ப்ரோய்கெஸ் ஆட்டம், நான்கு ஜோடி சேர்ந்து ஆடும் ஷெர், மணப்பெண்ணோடு கைக்குட்டையின் ஒரு முனையைப் பிடித்து ஆடும் மிட்ஸ்வா ஆட்டம். ஹசீதியர் என்ற பக்தி இயக்கத்து யூதர்களிடம் மிட்ஸ்வா ஆட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. மற்றவற்றை ஆடிய ஊர்களே இனப்படுகொலையில் அழிந்துபோயின. யாரும் கேமராவோடு போக முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இஸ்ரேலில் ஐரோப்பியர்கள் உருவாக்கிய சமூகமும் அந்த இத்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி) பழக்கங்களைப் பின்னால் தள்ளிவிட்டது.

மிச்சம் கிடைத்தது நியூயார்க்கில். 1970, 80களில் வயதான குடியேறிகளிடம் லீ எலன் ஃப்ரீட்லண்ட், மைக்கேல் ஆல்பர்ட், வால்டர் செவ் ஃபெல்ட்மன் போன்றவர்கள் கேட்டுக் கற்றார்கள். 1980களின் நடுவில் தொடங்கிய க்ளெஸ்கேம்ப் என்ற இத்திஷ் இசை, பண்பாட்டு முகாம்களில் இசையோடு ஆட்டத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு தடயம், போலந்தில் 1937இல் எடுத்த 'தி டிபுக்' இத்திஷ் திரைப்படம். அதன் நடனங்களை அமைத்த ஜூடித் பெர்க் அந்த உலகத்தைச் சேர்ந்தவர். அது கதைப் படம், நாடகத் தன்மையோடு மிகைப்படுத்தியதுதான். ஆனாலும் அடுத்த சில வருஷத்தில் அழியப்போகும் மக்களின் தோள் சாய்வும் கை வீச்சும் அதில் இருக்கிறது.

ரீல்பெட்டி:

எஸ்கெஸ்தா பற்றி மஞ்சள்வெயில் எழுதியதைப் படித்ததும் எடுக்கும் முறை பற்றிச் சொல்லத் தோன்றியது. ஆட்டத்துக்கு ஆட்டம் கேமரா மாறும். ஏமன் ஆட்டத்துக்குப் பாதம் தெரியாவிட்டால் பயனில்லை. எஸ்கெஸ்தாவுக்கு இடுப்புக்கு மேலே நெருங்கி எடுக்க வேண்டும், நொடிக்கு 50 பிரேம் வைத்தால் தோள் நடுக்கம் கலங்காமல் விழும். குர்து வரிசைக்கும் கொச்சி வட்டத்துக்கும் ஒரு கேமரா உயரத்திலிருந்து பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் யார் யாரைத் தொடர்கிறார் என்று தெரியாது. எந்த ஆட்டமானாலும் ஒரு கேமரா மட்டும் அசையாமல், தலை முதல் கால் வரை, முதல் பாட்டிலிருந்து கடைசி வாழ்த்து வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். அழகான குளோசப்பெல்லாம் இரண்டாவது கேமராவுக்கு. ஒரே ஆளை வேறு நாளில் இன்னொரு முறையும் எடுக்க வேண்டும். அப்போதுதான் எது அடவு, எது அவர் சேர்த்தது என்று பிரிக்க முடியும்.

பழைய ஊமைச் சுருளுக்கு வருகிறேன். எந்த வேகத்தில் எடுத்தது என்று பெட்டியில் எழுதாமல் விட்டிருந்தால் நாங்கள் நடப்பவர்களின் நடையை வைத்துக் கணிப்போம். ஆட்டப் படத்துக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. ஸ்கேன் செய்ததை அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னால் போட்டு, பார்த்துக்கொண்டே பாடச் சொல்ல வேண்டும். 16, 18, 20, 24 என்று வேகத்தை மாற்றிக்கொண்டே வந்தால், அவர் குரல் கால்களோடு சிரமமில்லாமல் சேரும் இடம் ஒன்று வரும். அந்த வேகத்தைக் குறித்து, அவர் பாடியதையும் ஒலிப்பதிவு செய்து படத்தோடு வைத்துவிடலாம். எந்த ஊர், யார் வீட்டு விசேஷம், ஆடுபவர் யார் என்பதையும் அதே அமர்வில் கேட்டு எழுதிவிடலாம், பெட்டியின் மேல் அநேகமாக அது இருக்காது. மஞ்சள்வெயில் கேட்ட சம்மதத்தையும் அங்கேயே, அந்தக் குடும்பத்திடமே கேட்டுவிடலாம். ஒரு பிரதி அவர்களுக்கு, ஒரு பிரதி காப்பகத்துக்கு.

கொடுங்கல்லூரான்:

ரீல்பெட்டி அண்ணா, கொச்சிப் பாட்டுக்கு இதையே திருப்பிச் செய்யலாமா? எங்களிடம் டேப்பில் பாட்டு இருக்கிறது, ஆட்டம் இல்லை. டேப்பை ஓட்டினால் பாட்டிமாருக்குக் கை தானாக வருமா?

ரீல்பெட்டி:

முயற்சி செய்து பார்க்க வேண்டியதுதான். உட்கார்ந்த இடத்தில் கை மட்டும் கொட்டினால்கூடப் போதும், எந்த வரியில் கொட்டுகிறார்கள் என்பது கிடைத்துவிடும். ஆனால் முதலில் டேப்பின் வேகத்தைச் சரிபாருங்கள். பேட்டரியில் ஓடிய பழைய ரெக்கார்டர் என்றால் மெதுவாகப் பதிவாகியிருக்கும், இப்போது போட்டால் ஸ்ருதி ஏறிக் கேட்கும். ஒரே பாட்டி பேசும் பகுதி டேப்பில் இருந்தால் அந்தக் குரலை வைத்துச் சரி செய்துவிடலாம். தனிமடல் அனுப்புங்கள், எப்படி என்று படிப்படியாக எழுதுகிறேன்.